பல ஏடுகள், ஒரு கணக்கு

ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த நாளில், மாதக் கடைசி நெருங்கியதும் தோட்ட ஆபீசில் விளக்கு நெடுநேரம் எரியும். கிராணியார் சம்பளக் கணக்குப் போடுகிறார் என்பது லயத்திலுள்ளோர் அனைவருக்கும் தெரிந்துவிடும். அவருடைய மேசையில் ஒரே ஒரு புத்தகம் கிடப்பதில்லை. காலைப் பிரட்டுக்கு யார் யார் வந்தனர் என்று குறித்த செக்ரோல் ஒன்று. பால் நிறுத்த கொட்டகையிலிருந்து வந்த நிறையேடு ஒன்று. முன்பணம் வாங்கியோர் கணக்கு ஒன்று. செக்ரோலில் பாலின் நிறை இராது. நிறையேட்டில் கடன் இராது. மூன்றையும் விரித்து வைத்து, ஓர் ஆளின் எண்ணை ஒன்றிலே கண்டு, அதே எண்ணை மற்ற இரண்டிலும் தேடிப் பிடித்து, அம்மூன்று செய்திகளையும் ஒரே வரியில் கொணர்ந்து நிறுத்தினால்தான் இன்னாருக்கு இவ்வளவு சம்பளம் என்ற விடை கிடைக்கும். அவர் ஒரு வரி தவறினால் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு தவறும்.

இன்று அவ்வேலையைக் கணினி செய்கின்றது. வங்கியும் மருத்துவமனையும் கல்வி இலாகாவும் தத்தம் செய்திகளைத் தரவுத்தளம் எனப்படும் ஏட்டுத் தொகுதியில் வைத்திருக்கின்றன. ஒவ்வோர் ஏடும் ஓர் அட்டவணை. அட்டவணையில் கிடையாகச் செல்வது நிரை. நெடுக்காக இறங்குவது நிரல். ஒரு நிரை ஓர் ஆளையோ ஒரு நாளின் வருகையையோ ஒரு கொடுக்கல் வாங்கலையோ குறிக்கும். வேண்டும்போது இரண்டு மூன்று அட்டவணைகளைப் பொருத்தி ஒரே அட்டவணையாகப் பெறுவதற்கு இணைப்பு என்று பெயர். கணினித் துறையினர் ஜாயின் என்றே வழங்குவர்.

பிரித்து வைத்துப் பின் இணைப்பானேன், முதலிலேயே எல்லாவற்றையும் ஒரே பெரிய ஏட்டில் எழுதி வைத்துவிட்டால் என்ன என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு தொழிலாளியின் பெயர், அவருடைய லயத்து எண், வேலைக்கு வந்த நாள், அன்றைய நிறை ஆகிய யாவும் ஒரே ஏட்டில் இருப்பதாகக் கொள்வோம். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் அவருடைய பெயரும் லயத்து எண்ணும் 25 முறை எழுதப்படும். அவர் 4-ஆம் லயத்திலிருந்து 7-ஆம் லயத்துக்கு மாறினால் 25 இடத்திலும் திருத்த வேண்டும். 24 இடத்தில் திருத்தி ஓரிடத்தில் மறந்துவிட்டால் அந்த ஏட்டின்படி ஒரே மனிதர் இரண்டு வீட்டில் குடியிருக்கிறார். அப்புறம் எது மெய் என்று அந்த ஏட்டைக் கொண்டே தீர்மானிக்க முடியாது. ஆகவே ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே எழுதப்பட வேண்டும் என்பது ஏடு வைப்போர் கைக்கொள்ளும் முதல் விதி. பெயரும் வீடும் ஆள் ஏட்டில், வருகை வருகையேட்டில், இரண்டுக்கும் நடுவே பாலமாக ஆளின் எண்.

இவ்விதியைக் கணித வழியில் நிறுவியவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். 1923-ஆம் ஆண்டு டார்செட்டில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் கணிதம் பயின்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அவருக்கு முன்னிருந்த தரவுத்தளங்களில் ஒரு செய்தியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழி போட்டு வைத்திருப்பார்கள். அந்த வழியை அறிந்த நிரல் எழுதுபவரே தேடி எடுக்கலாம். வழி போடாத கேள்வியைக் கேட்டால் விடை எளிதில் கிட்டாது. 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான தம் கட்டுரையில் காட் இவ்வழிகளே வேண்டாம் என்றார். ஓர் அட்டவணையில் 112 என்ற எண்ணும் மற்றோர் அட்டவணையில் அதே 112-உம் இருந்தால் அவ்வொப்புமையே போதுமான உறவு. கேள்வி பிறக்கும்போது இணைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. இதனாலேயே இவை உறவுநிலைத் தரவுத்தளங்கள் எனப்பட்டன. 1974-இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் இதற்கென ஒரு கட்டளை மொழியை அமைத்தனர். அது வளர்ந்து எஸ்.கியூ.எல். என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. காட் 1981-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த சிறப்பாகிய டூரிங் பரிசைப் பெற்றார், 2003-இல் மறைந்தார்.

கட்டளையின் அமைப்பு எளியது. எந்த நிரல்கள் வேண்டும், எந்த அட்டவணையிலிருந்து, அதனோடு எந்த அட்டவணையை இணைப்பது, எந்த நிரல் எதனோடு ஒத்திருந்தால் இணைப்பது என்னும் நான்கைச் சொன்னால் போதும். மூன்று அட்டவணைகளாயின் முதலிரண்டை இணைத்து, வந்த விடையோடு மூன்றாவதை இணைக்க வேண்டும். தேடும் பாட்டைக் கணினி பார்த்துக்கொள்ளும். இரண்டு ஏட்டையும் எண் வரிசையில் அடுக்கி ஒருசேரப் புரட்டிச் செல்வது அது கையாளும் முறைகளுள் ஒன்று. கிராணியாரும் அதையேதான் செய்தார்.

நான்காவதான ஒப்புமை நிபந்தனையைச் சொல்ல மறந்தால் என்னாகும்? முதல் ஏட்டின் ஒவ்வொரு நிரையோடும் இரண்டாம் ஏட்டின் எல்லா நிரைகளும் ஒட்டிக்கொள்ளும். ஆள் ஏட்டில் 200 நிரை, வருகையேட்டில் 5,000 நிரை என்றால் விடை 10 இலட்சம் நிரை. நல்லவேளையாக இத்தவறு கண்ணில் படாமல் போகாது. கண்ணில் படாத தவறுகளே அஞ்சத்தக்கவை.

பெயர் திறவுகோல் ஆகாது

இரண்டு ஏட்டையும் பொருத்தும் நிரலுக்குத் திறவுகோல் என்று பெயர். ஒருவருக்கு ஒன்றாகவும், இருவருக்குப் பொதுவாகாமலும், மாறாமலும் இருப்பதே நல்ல திறவுகோல். பெயர் இம்மூன்றிலும் தோற்றுவிடும். ஒரே தோட்டத்தில் இரண்டு முனியாண்டிகளும் மூன்று முனியம்மாக்களும் இருப்பது புதுமையன்று. போதாக்குறைக்கு, இந்நாட்டில் தமிழ்ப்பெயர்களை ரோமன் எழுத்தில் பதியும்போது ஒரே பெயர் நான்கு விதமாக எழுதப்படுகின்றது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதம், மருத்துவ அட்டையில் இன்னொரு விதம். மனிதர் பார்த்தால் மூன்றும் ஒருவரே என்று கண்டுகொள்வார். கணினிக்கோ ஓர் எழுத்து மாறினாலும் அவர் வேறு ஆள். ஆதலால்தான் அடையாள அட்டை எண் இத்தனை இன்றியமையாததாயிற்று. மலேசியாவில் அது 12 இலக்கம் கொண்டது. முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடத்தின் குறி. எஞ்சியவை ஒரே நாளில் ஒரே இடத்தில் பிறந்தோரையும் வேறுபிரித்துக் காட்டும்.

திறவுகோல் சரியாக இருந்தும் கணக்குப் பொய்க்கும் வழி ஒன்றுண்டு. புதிதாகக் கற்போர் இதில் சிக்காமல் இருப்பது அரிது. ஒரு தொழிலாளிக்கு வருகையேட்டில் 25 நிரைகள். நாளொன்றுக்கு 4 வெள்ளி என்று வைத்தால் அவருக்கு வரவேண்டியது 100 வெள்ளி. முன்பண ஏட்டில் அவருக்கு 2 நிரைகள்: 10 வெள்ளி, 15 வெள்ளி. கழித்தால் கையில் 75. இப்போது இரண்டு ஏட்டையும் அவருடைய எண்ணைக் கொண்டு இணைத்தால் 25 நிரை ஒவ்வொன்றோடும் 2 முன்பணமும் ஒட்டி 50 நிரைகள் ஆகும். ஒவ்வொரு நாளும் இருமுறை வருவதால் சம்பளம் 200 வெள்ளி. ஒவ்வொரு முன்பணமும் 25 முறை வருவதால் கடன் 625 வெள்ளி. மாதமெல்லாம் மரம் வெட்டியவர் தோட்டத்துக்கு 425 வெள்ளி கடன்பட்டவராக ஏட்டில் நிற்பார்! கணினி எந்தப் பிழையையும் அறிவித்திராது. கட்டளைப்படி அது செய்தது சரியே. முதலில் வருகையை ஆளுக்கொரு நிரையாகக் கூட்டி, முன்பணத்தையும் அவ்வாறே கூட்டி, அதன் பிறகு இணைப்பதே இதற்குப் பரிகாரம். கிராணியார் இத்தவறைச் செய்யமாட்டார். ஏனெனில் அவருக்கு அந்த ஆளைத் தெரியும்.

இலண்டனில் ஒரு மருத்துவர்

மிகுதியாக வந்த நிரைகளின் கதை இது. காணாமற்போகும் நிரைகளின் கதை இன்னும் முக்கியமானது. அதற்கும், இணைப்பினால் எத்துணைப் பெரிய உண்மை வெளிப்படும் என்பதற்கும் சேர்த்து ஒரு சான்று 1854-ஆம் ஆண்டின் இலண்டன் மாநகரில் கிடைக்கின்றது. அப்போது கணினி இல்லை. ஆனால் ஏடுகள் இருந்தன.

அவ்வாண்டு வாந்திபேதி பரவிற்று. கெட்ட காற்றினாலே நோய் வருகிறது என்பது அக்காலத்து அறிஞர் பலரின் கருத்து. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவரோ குடிநீரின் வழியே வருகிறது என்றார். யார்க் நகரத்துத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். விக்டோரியா அரசியாருக்குப் பிரசவத்தின்போது குளோரோபாரம் கொடுத்தவரும் அவரே. பிராடு தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதையை உலகம் திரும்பத் திரும்பச் சொல்கின்றது. ஆயினும் அவர் செய்தவற்றுள் மேலானது நகரின் தென்பகுதியில் நடத்திய ஆராய்ச்சியே.

தென்பகுதியில் பல தெருக்களுக்குச் சதர்க் வாக்ஸால், லாம்பெத் என்ற இரண்டு கம்பெனிகள் குடிநீர் வழங்கின. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு கம்பெனியின் நீர், அடுத்த வீட்டுக்கு மற்றதன் நீர். லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் நீரெடுக்கும் இடத்தைத் தேம்ஸ் நதியின் மேற்பகுதிக்கு, நகரின் கழிவு வந்து சேராத தூரத்துக்கு, மாற்றிக்கொண்டது. மற்றது நகரின் சாக்கடைகள் கலக்கும் பகுதியிலேயே எடுத்து வந்தது. காற்று ஒன்று, தெரு ஒன்று, ஏழை பணக்காரர் கலப்பும் ஒன்று; நீர் மட்டுமே வேறு. இதைவிடச் சிறந்த சோதனையை எவரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது.

இறந்தோரின் முகவரிகள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருந்தன. அங்கே புள்ளிவிவரங்களைக் கவனித்து வந்தவர் வில்லியம் ஃபார். கம்பெனிகள் எத்தனை வீட்டுக்கு நீர் வழங்கின என்ற கணக்கு நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்டிருந்தது. நடுவே வேண்டிய ஏடுதான் இல்லை: எந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனி? ஸ்நோ முகவரிகளைப் படியெடுத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார். வாரக்கூலிக்குக் குடியிருந்த ஏழைகள் பலருக்குத் தங்கள் நீர் எந்தக் கம்பெனியுடையது என்பதே தெரியவில்லை. வரியைக் கட்டியவர் வீட்டுக்காரர். அவ்விடங்களில் ஸ்நோ ஒரு சிறு புட்டியில் நீரைப் பிடித்துச் சென்று வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு சோதித்தார். சதர்க் வாக்ஸால் நீரில் காலனுக்கு ஏறக்குறைய 38 கிரெய்ன் உப்பு இருந்தது; லாம்பெத் நீரில் 1 கிரெய்ன்கூட இல்லை. கலங்கினால் இது, கலங்காவிட்டால் அது. இல்லாத திறவுகோலை அவர் இவ்வாறு தாமே ஆக்கிக்கொண்டார்.

கென்னிங்டன் பகுதியின் இரு பிரிவுகளில் ஆகஸ்ட் 12 வரை 44 பேர் இறந்திருந்தனர். அவர்களுள் 38 பேரின் வீட்டுக்குச் சதர்க் வாக்ஸால் நீர். 4 பேரின் வீட்டுக்கு லாம்பெத் நீர். எஞ்சிய இருவர் வீட்டில் கம்பெனி நீரே இல்லை. சொந்தக் கிணறு இருந்தது.

அந்த இருவரை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். இறப்பு ஏட்டையும் கம்பெனி ஏட்டையும் சாதாரண முறையில் இணைத்தால், இரண்டு ஏட்டிலும் பொருந்திய நிரைகள் மட்டுமே விடையில் வரும். இதற்கு உள்ளிணைப்பு என்று பெயர். விடையில் 42 நிரை இருக்கும். கிணற்று வீட்டுக்காரர் இருவரும் சத்தமின்றி மறைந்திருப்பார்கள். 44 பேர் இறந்தனர் என்பதை முன்னமே எண்ணி வைத்திராதவருக்கு எதுவோ குறைகிறது என்றுகூடத் தோன்றாது. இடது இணைப்பு என்று மற்றொரு வகை உண்டு. அதில் முதலில் சொன்ன ஏட்டின் நிரைகள் ஒன்று விடாமல் வரும். இணை கிடைக்காதவற்றுக்கு அவ்விடம் வெறுமையாக விடப்படும். 44-உம் வரும், இரண்டின் எதிரே கம்பெனியின் பெயர் இராது. ஸ்நோ செய்தது இதையே. தம் கொள்கைக்கு உதவாத அந்த இருவரையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்தார்.

எந்த ஏட்டை முதலில் வைப்பது என்பதும் சிறு செய்தியன்று. இறப்புகளை மட்டும் எண்ணினால், தொற்றின் முதல் 7 வாரங்களில் சதர்க் வாக்ஸால் வீடுகளில் 1,263. லாம்பெத் வீடுகளில் 98. இதைக் கேட்டதும், முதல் கம்பெனிக்கு வீடுகள் அதிகமாக இருக்கலாமே என்ற ஐயம் எழுவது முறைதான். அந்த ஐயத்தைத் தீர்க்க, சாவு நேராத வீடுகளும் கணக்கில் வர வேண்டும். வீட்டு ஏட்டை முதலில் வைத்து இறப்பு ஏட்டை அதனோடு இணைத்தாலன்றி அவை வாரா. முதல் கம்பெனிக்கு 40,046 வீடுகள், இரண்டாவதற்கு 26,107. 10,000 வீட்டுக்கு 315 சாவு ஒரு பக்கம், 37 மறுபக்கம். எட்டு மடங்குக்கும் மேல். 1855-இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் ஸ்நோ இதை வெளியிட்டார். பலர் அப்போது ஏற்கவில்லை. 1858-இல், 45 வயதில், அவர் இறந்தார். 1866-இல் கிழக்கு இலண்டனில் அந்நோய் மீண்டும் பரவியபோது, இறப்புகளை நீர்க்கம்பெனிவாரியாகப் பிரித்துக் காட்டி, குற்றம் நீரில் இருப்பதை எடுத்துரைத்தவர் முன்பு காற்றையே நம்பியிருந்த வில்லியம் ஃபார்.

வெற்றிடமும் வெற்றிடமும்

இலண்டனின் இரண்டு கிணற்று வீடுகளைப் போன்றவை எந்த நாட்டு ஏட்டிலும் உண்டு. இந்நாட்டில் அவை வேறு உருவில் தோன்றுகின்றன. திறவுகோலாக அடையாள அட்டை எண்ணை வைத்துக்கொண்டால், எண் இல்லாதவர் என்ன ஆவார்? பிறப்பைப் பதியாமல் விட்டதாலும், பெற்றோரின் திருமணம் பதிவாகாததாலும், பத்திரங்கள் தொலைந்ததாலும் அடையாள ஆவணமின்றி வாழ்வோர் மலேசிய இந்தியரிடையே இருந்து வருவது பலரும் அறிந்த செய்தி. 2011-ஆம் ஆண்டு மைடஃப்தார் என்ற பெயரில் அரசாங்கம் ஓர் இயக்கம் நடத்தி இத்தகையோரைப் பதிய முற்பட்டது.

இவர்களுடைய எண்ணுக்குரிய இடம் ஏட்டில் வெறுமையாக இருக்கும். ஒரு பள்ளியின் மாணவர் ஏட்டிலும், உதவித்தொகை ஏட்டிலும் ஒரே பிள்ளையின் எண் வெறுமையாக இருந்தால் இரண்டு வெற்றிடமும் ஒத்துப்போய் இணைந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். இணையாது. எஸ்.கியூ.எல். மொழியில் ஒப்பீட்டுக்கு மெய், பொய் என்னும் இரண்டோடு தெரியாது என்று மூன்றாவது விடையும் உண்டு. தெரியாத ஒன்று தெரியாத மற்றொன்றுக்குச் சமமா என்று கேட்டால் அம்மொழி தரும் விடை தெரியாது என்பதே. மெய் என்ற விடை வந்தால்தான் நிரைகள் இணையும். தர்க்கத்தின்படி இது முற்றும் சரி. எண் இல்லாத இருவர் ஒருவரே ஆகிவிட மாட்டார்கள் அல்லவா? ஆனால் அதன் பயன், எண் இல்லாப் பிள்ளை உள்ளிணைப்பில் ஒருபோதும் தோன்றாது என்பதாகும். எவரும் அப்பிள்ளையை நீக்கவில்லை, எவரும் மறுக்கவில்லை, இணைப்பில் அப்பிள்ளை வரவில்லை, அவ்வளவே. பட்டியலைக் கையில் வாங்கும் அதிகாரிக்கு, அதில் இல்லாத பெயரைப் பற்றிக் கேட்கவும் காரணம் இராது.

ஆகவே தேர்ந்த ஏட்டாளர் இணைப்பதற்கு முன்னும் பின்னும் நிரைகளை எண்ணுவர். மாணவர் ஏட்டில் 180 பேர் என்றும், இணைத்தபின் 176 பேர் என்றும் வைத்துக்கொண்டால், 176 பேரின் பட்டியலை அச்சிடுமுன் அந்த நால்வர் யார் என்று கேட்க வேண்டும். அதற்கான கட்டளை நீளமானதன்று. மாணவர் ஏட்டை முதலில் வைத்து இடது இணைப்புச் செய்து, மறுபக்கம் வெறுமையாக உள்ள நிரைகளை மட்டும் தருக என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் நால்வரின் பெயரும் திரையில் வந்து நிற்கும். ஒருவருக்குப் பெயரெழுத்து மாறியிருக்கலாம். ஒருவர் அண்மையில் பள்ளி மாறி வந்திருக்கலாம். ஒருவருடைய எண்ணில் ஓர் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். இம்மூன்றையும் அலுவலகத்தில் இருந்தபடியே திருத்திவிட முடியும். நான்காமவருக்கு எண்ணே இல்லையெனில், பள்ளியிலிருந்து யாரேனும் அந்த வீட்டுக்குப் போய்த் தாயையோ பாட்டியையோ பார்த்து, பிறந்த மருத்துவமனையின் தாள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டு, பதிவு இலாகாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும்.